தட்டி எழுப்பிய தட்டு

கொருக்குப்பேட்டை ரயில் யார்டு போன்ற இடங்களில் ஷண்டிங் எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். டில்லி வரை ஓடும் பெருமை அதற்குக் கிடையாது. வாகன்களைக் கோத்து, மெயின் லைனுக்குக் கொண்டு வந்து விட்டுவிட்டு, பேசாமல் விலகிக் கொள்ளும். ஆனால் அது இல்லாமல் நீண்ட சரக்கு ரயில் புறப்படாது. கம்ப்யூட்டர் உலகில் இந்த வேலையை வெகு காலம் செய்தது பிளாப்பித் தட்டு.

மின்சாரம் பாய்ந்ததும் கம்ப்யூட்டர் ஞானியாக விழித்துக் கொள்வதில்லை. உள்ளே நிலையாகப் பதித்த சில கட்டளைகளே அதற்குத் தெரியும். அவை தட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். அந்தத் துண்டு அடுத்ததை அழைக்கும். இப்படிப் படிப்படியாக ஆபரேட்டிங் சிஸ்டம் எழுந்திருக்கும். பிளாப்பி பிறந்ததே ஏறக்குறைய இதற்காகத்தான். 1971-ல் ஐ.பி.எம். கம்பெனி, சிஸ்டம்/370 வகை யந்திரங்களுக்கு ஆரம்பக் கட்டளைகளை ஊட்ட 8 அங்குலத் தட்டைக் கொண்டு வந்தது. கொள்ளளவு 80 கிலோபைட்தான். 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த 370/155 அந்தக் குடும்பத்து யந்திரமே.

பின்னால் 1.44 மெகாபைட் பிடிக்கும் மூன்றரை அங்குலத் தட்டு வந்தது. ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய லினக்ஸ், ஆரம்பத்தில் இரண்டே தட்டுகளில் அடங்கியது. 1995-ல் வந்த விண்டோஸ் 95-க்கு 13 தட்டுகள் வேண்டியிருந்தன. பன்னிரண்டாவதில் பூஞ்சை பிடித்திருந்தால், அதுவரை ஊட்டிய பதினொன்றும் வீண்!

இன்றைய சிஸ்டம் ஒன்றுக்கு 4 ஜிகாபைட் என்று வைத்துக் கொண்டால், சுமார் 2,700 தட்டுகள் ஆகும். அப்படி யாரும் செய்வதில்லை. யு.எஸ்.பி.யிலிருந்து விழிக்கத் தெரியாத பழைய யந்திரத்துக்கு, ஒரே பிளாப்பியில் ஒரு சிறு புரோகிராமை வைத்துக் கொடுப்பார்கள். அது யு.எஸ்.பி.க்கு வழி காட்டிவிட்டு விலகிக் கொள்ளும். மிச்சமெல்லாம் அந்த வழியே வந்து சேரும். ஷண்டிங் எஞ்சினின் தர்மம் இதுதானே?

2011-ல் ஸோனி பிளாப்பித் தயாரிப்பை நிறுத்தியது. ஆனால் ஸான் பிரான்ஸிஸ்கோவின் சுரங்க ரயில்களை நடத்தும் 1998-ம் வருஷத்துக் கம்ப்யூட்டர்கள், அதற்குப் பிறகும் தினந்தோறும் காலையில் பிளாப்பியைக் கொண்டே விழித்து வந்தன. மாற்று ஏற்பாட்டுக்கான ஒப்பந்தம் 2024-ல்தான் ஏற்பட்டது. அதற்குள் தட்டின் காந்தப் பதிவு மங்கிப் போனால், ஓட்டுவதற்கு ரயில் இருந்தும் பிரயோஜனம் என்ன?

1887-ல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது அச்சு யந்திரம் புதியது, மூலம் மட்டும் பழைய ஏடு. செல் முந்திக் கொண்டிருந்தால் யந்திரம் எதை அச்சடித்திருக்கும்? அடுத்த கையில் ஒப்படைக்கும் வரையில் ஏட்டைக் காத்தவர்களால்தான் அந்தக் காவியம் நமக்குக் கிடைத்தது. பரணில் கிடக்கும் பிளாப்பிகளை எடைக்குப் போடுமுன், அதில் உள்ளது வேறெங்காவது வந்து சேர்ந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.