சூரிய வெப்ப மின்நிலையங்களின் நம்பகத்தன்மை: பரவளைய ஆடித்தொடரும் மையக் கோபுரமும் (1982–2020)

முன்னுரை

சூரிய வெப்ப மின்நிலையங்களின் வரலாறு பெரும்பாலும் திறன் வளர்ச்சியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஒரு நிலையம் எத்தனை ஆண்டுகள் தடையின்றி இயங்கியது என்னும் வினா அதில் பின்தங்கிவிடுகிறது. அமெரிக்கப் பாலைநிலங்களில் அமைந்த இருவகை நிலையங்களை ஒப்பிட்டு, அவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

பரவளைய ஆடித்தொடர்

கலிபோர்னியாவின் மோகாவி பாலைவனத்தில் லுஸ் இன்டர்நேஷனல் நிறுவனம் 1984 முதல் 1990 வரை ஒன்பது நிலையங்களை அமைத்தது. அவற்றின் மொத்தத் திறன் 354 மெகாவாட். ஆடிகளின் குவியத்தில் செல்லும் குழாய்களில் வெப்ப எண்ணெய் ஓடியது. கண்ணாடி உறைகள் உடைந்தன. வளையும் இணைப்புக் குழாய்கள் கசிந்தன. எனினும் பழுதுற்ற வரிசையை மட்டும் அடைத்துவிட்டு எஞ்சியவற்றை இயக்க முடிந்தது. வளையும் குழாய்களுக்கு மாற்றாகப் பந்து மூட்டுகள் பொருத்தப்பட்டன. 1991இல் நிறுவனம் நொடித்த பின்னரும் நிலையங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் மின்சாரம் வழங்கின. இவ்வமைப்பும் இடரற்றதன்று: 1999இல் டாகெட்டில் எண்ணெய்ச் சேமிப்புக் கலன் தீக்கிரையானது.

மையக் கோபுரம்

1982இல் இயங்கத் தொடங்கிய 10 மெகாவாட் சோலார் ஒன் நிலையத்தில், கோபுர உச்சியிலேயே நீர் ஆவியாக்கப்பட்டது. மேகம் கடக்கும்போதெல்லாம் சுழலி தடுமாறியது. இக்குறையை நீக்கவே 1996இல் தொடங்கிய சோலார் டூவில் உருகிய உப்பு புகுத்தப்பட்டது. ஏறத்தாழ 565 பாகை செல்சியசில் உப்பைத் தேக்கியதால் வெப்பச் சேகரிப்பும் மின் உற்பத்தியும் பிரிந்தன. ஆனால் நிலையம் முழுவதும் ஒரே கதிரேற்பியையும் ஒரே வெப்பக் கலனையும் நம்பி நின்றது.

இதன் விளைவு நெவாடாவின் 110 மெகாவாட் கிரசென்ட் டியூன்சில் வெளிப்பட்டது. அதன் வெப்பக் கலன் 2016 அக்டோபரில் கசிந்தது. நிலையம் 2017 ஜூலை வரை முடங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடிகள் பழுதின்றி இருந்தும் பயனில்லை. 2019இல் மின்கொள்முதல் ஒப்பந்தம் முறிந்தது.

முடிவுரை

ஆடித்தொடரில் பழுது பரவியிருந்தது. கோபுரத்தில் அது ஓரிடத்தில் குவிந்தது. வளர்ச்சியின் வேகமும் வேறுபட்டது. லுஸ் நிலையங்கள் 14, 30, 80 மெகாவாட் எனப் படிப்படியாக வளர்ந்தன. ஒன்றில் கற்றது அடுத்ததற்கு உதவியது. உப்புக் கோபுரமோ 10 மெகாவாட் சோதனை நிலையத்திலிருந்து, 2011இல் ஸ்பெயினில் தொடங்கிய 20 மெகாவாட் கெமாசோலாரைக் கடந்து, 110 மெகாவாட்டுக்குத் தாவியது. ஆகவே கிரசென்ட் டியூன்சின் வீழ்ச்சியை உருகிய உப்பின் தோல்வியாக மட்டும் கொள்வது பொருந்தாது. பழுதைத் தாங்கும் மாற்றுவழியின்றி அளவைப் பெருக்கியதன் தோல்வியாகவும் அதனைக் கொள்ளல் வேண்டும்.