செல்லம்

“தாத்தா செல்லம் குடுத்துத்தான் இவன் இப்படி ஆயிட்டான்.” வீட்டுக்கு வீடு கேட்கும் புகார். இந்தச் ‘செல்லம்’ வேறொன்றுமில்லை, ‘செல்வம்’தான், பேச்சில் வகரம் லகரத்துக்குள் கரைந்துவிட்டது.

கர்நாடகத்து மேல்கோட்டையில் உற்சவருக்குச் செல்வப்பிள்ளை என்று பெயர். செல்லப்பிள்ளை என்றும் சொல்வார்கள். வடமொழியில் சம்பத்குமாரர், சம்பத்து என்றாலும் செல்வம்தானே? டில்லியில் இருந்த அந்த விக்கிரகத்தை ராமானுஜர் அழைக்க, அது நடந்து வந்து அவர் மடியில் ஏறி உட்கார்ந்ததாகக் கதை. மடியேறும் பெருமாளை வேறு எப்படிக் கூப்பிடுவது!

தாத்தாவிடம் இன்னொரு செல்லமும் இருக்கும்: வெற்றிலைச் செல்லம். பித்தளைப் பெட்டி, உள்ளே ஈரத்துணியில் சுற்றிய கொழுந்து வெற்றிலை, பாக்கு, ஓரத்தில் காய்ந்து வெளுத்த சுண்ணாம்பு டப்பி. அப்பா அதைத் தொட்டால் முறைப்பு. பேரன் குடைந்து பாக்கை வாயில் போட்டுக்கொண்டால் சிரிப்பு.

உண்மையில் சொல்லில் குற்றமே இல்லை. அதனால்தான் ‘செல்லம் கொடுத்துக் கெடுத்தார்கள்’ என்று கெடுத்தலைத் தனியாக ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது. நாய்க்குட்டிக்கும், வீட்டில் கூப்பிடும் பெயருக்கும் முன்னால் வெறும் செல்லம் போதும்.

‘கில்லி’ (2004) படத்தின் வில்லன் முத்துப்பாண்டி அமைச்சர் வீட்டுப் பிள்ளை. ‘வேண்டாம்’ என்ற பதில் அவனுக்குப் புரியாது. தன்னை விரும்பாத பெண்ணை ஊர் ஊராகத் துரத்திக்கொண்டே ‘செல்லம்’ என்கிறான். கொஞ்சலா, மிரட்டலா? பிரகாஷ்ராஜ் குரலில் இரண்டும்தான். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நம்மில் பலரால் நேராகச் சொல்லவே முடியவில்லை. கொஞ்சம் இழுத்துத்தான் வருகிறது.