கண்வலிப்பூவும் தாத்தாவின் கட்டைவிரலும்

பரீட்சை முடிஞ்சாச்சு. இந்தத் தடவை கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் மருந்து.

போன சீசனில் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தென்காசி திரும்பிய அன்று ராத்திரி, தாத்தாவுக்குக் கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்துவிட்டது. போர்வை பட்டாலே அலறல். நாட்டுக்கோழி செய்த வேலை என்றாள் ஆச்சி. டாக்டர் 'கவுட்' என்றார். யூரிக் அமிலம் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிந்துவிடுகிறதாம். "கிட்னி எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் கோல்சிசின் மாத்திரை எழுதினார்.

அந்தப் பெயரைத் தேடிப் போனால், அது எங்கள் ஊர் வேலியில் வந்து நிற்கிறது! செங்காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதல் பூ, இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். எங்களுக்குக் கண்வலிப்பூ. உற்றுப் பார்த்தால் கண் வலிக்குமாம். (பார்த்தேன், வலிக்கவில்லை.)

ஆனால் மருந்தின் கதை தொடங்குவது வேறொரு செடியில். கோல்சிகம் என்ற செடியின் கிழங்கை 6-ஆம் நூற்றாண்டிலேயே டிரால்லஸ் ஊர் அலெக்சாண்டர் என்ற வைத்தியர் கவுட்டுக்குச் சொன்னார். விஷம் என்ற பயத்தில் பிறகு ஒதுக்கிவிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஹுஸ்ஸோன் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி, உள்ளே என்ன என்று சொல்லாமலே ஒரு 'மருந்துத் தண்ணீர்' விற்றார். இருந்தது அதே கோல்சிகம்! 1820-இல் பெல்லெத்தியேயும் காவந்தூவும் அதன் சத்தைப் பிரித்தார்கள் (குயினைனைப் பிரித்ததும் இவர்களே). 1915-இல் நம் செங்காந்தள் கிழங்கிலும் அது இருப்பது தெரிந்தது. இப்போது மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். காய் நன்றாகப் பிடிக்க, பூப்பூவாகக் கையால் மகரந்தம் தடவ வேண்டும்.

அன்று ராத்திரி பக்கத்து வீட்டுப் பெரியவர், "மாத்திரை எதுக்கு, கிழங்கை இடிச்சுக் கஷாயம் வைங்க" என்றார். ஆச்சி விரட்டிவிட்டாள். அந்தக் கிழங்கைத் தின்று செத்தவர்களை அவளுக்குத் தெரியும்.

அளந்து செய்த மாத்திரையிலேயே இந்தச் சிக்கல் உண்டு. வலி நிற்கும்வரை, இல்லாவிட்டால் வாந்தி பேதி வரும்வரை, மணிக்கொரு முறை கொடுப்பதுதான் பழைய வழக்கம். 2010-இல் ஒரு ஆய்வு வந்தது. 6 மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கும், ஒரே மணி நேரத்தில் 1.8 மில்லிகிராமோடு நிறுத்தியவர்களுக்கும் வலி குறைந்தது ஏறக்குறைய ஒரே அளவில்தான். பேதி மட்டும் 77 சதவீதம், 23 சதவீதம். எத்தனை தலைமுறை வீணாகக் கொல்லைக்கு ஓடியிருக்கிறது!

கோல்சிசின் ஆகாதவர்களுக்கு இண்டோமெத்தசின், நாப்ராக்சென் மாதிரி வலி மாத்திரைகள் உண்டு. கிட்னி பழுதென்றால் அவையும் ஆகாது, பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். கால்சியம் படிகத்தால் வரும் போலி கவுட்டுக்கும் இதே மூன்றுதான். அல்லோபியூரினால் வேறு கட்சி. யூரிக் அமிலத்தைக் குறைக்கும், வந்த வலியை அடக்காது.

மூன்றாம் நாள் தாத்தா செருப்பு மாட்டிவிட்டார். மாத்திரைக்கும் வேலிப்பூவுக்கும் உள்ள உறவைச் சொன்னேன், நம்பவில்லை. உங்க ஊர்ல இந்தப் பூவுக்கு என்ன பேரு? சொல்லுங்க.