சீதன வீடும் கணவனின் கையொப்பமும்

கொக்குவில் பக்கத்துக் காணி உறுதிகளைப் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு வாசகம் நன்கு பரிச்சயமானது. இத்தனை பரப்பு, இத்தனை குழி, காணியின் பெயர், நான்கு திக்கு எல்லைகள் என்று எழுதிவந்து, விற்பவர் மணமான பெண் என்றால், கணவனின் பெயரும் சம்மதம் தெரிவிப்பவராகக் கூடவே வந்து நிற்கும். காணி அவளுக்குச் சீதனமாகக் கிடைத்தது. அவன்தான் அவள் வீட்டுக்கு வந்து குடியேறியவன். ஆயினும் அவனது கையொப்பம் இல்லாமல் உறுதி நிறைவேறாது.

கணவன் மனைவியின் மனத்தைச் சிறிது சிறிதாகக் குலைத்து அவளை ஆட்டிப்படைக்கும் திகில் கதைகள் இன்று புத்தகக் கடைகளிலும் திரையிலும் மலிந்து கிடக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மூத்த கதை, பற்றிக் ஹமில்டன் 1938இல் எழுதிய 'காஸ் லைட்' என்ற ஆங்கில நாடகம். வீட்டுப் பொருட்களைக் கணவனே ஒளித்துவைத்துவிட்டு, மனைவிக்கு மறதி, புத்தி பேதலித்துவிட்டது என்று அவளையே நம்பவைக்கிறான். அவன் மேல்மாடியில் இரகசியமாக நகைகளைத் தேடும்போது கீழே வாயு விளக்கு மங்குகிறது. 1944இல் இன்கிறிட் பேர்க்மன் நடித்து ஒஸ்கார் பெற்ற திரைப்படத்தில் இன்னொரு விபரமும் உண்டு: அந்த வீடு, மனைவிக்கு அவளது பெரியதாயாரிடமிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தான் ஒருவன் இப்படத்தைப் பார்த்தால், இது சீதன வீட்டுக் கதையல்லவா என்றுதான் கேட்பான்.

நாடகம் நிகழும் ஆண்டு 1880. மணமான பெண் தன் சொத்தைத் தானே ஆள்வதற்கான சட்டம் இங்கிலாந்தில் முழுமை பெற்றது 1882இல். அதற்கு நெடுங்காலம் முன்னரே யாழ்ப்பாணத்தில் மனைவியின் சீதனம் வேறு, கணவனின் முதுசம் வேறு, இருவரும் சேர்ந்து தேடியது தேடியதேட்டம் என்ற பாகுபாடு இருந்தது. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் இந்த வழக்கங்களைத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டுச் சரியென்று ஒப்பமிட்டனர். பெண்களின் சொத்தைப் பற்றி இவ்வளவு பேசும் ஒரு தொகுப்பைச் சரிபார்த்தவர்களில் ஒரு பெண்கூட இல்லை என்பதை நமது தேசவழமைப் பெருமை பேசுவோர் குறிப்பிடுவதில்லை.

ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். பின்னர் 1911இல் வந்த யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் மனைவியின் தனிச்சொத்து அவளுடையதே என்றது. அதே மூச்சில், அசையாச் சொத்தை உயிருடன் இருக்கும்போது கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. தன் முதுசத்தை விற்கும் கணவனுக்கு இத்தகைய தடை எதுவும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேசவழமைக்கு உட்படாத ஒருவரை மணக்கும் யாழ்ப்பாணப் பெண், அந்த மணவாழ்வு நீடிக்கும்வரை இச்சட்டத்துக்கு உட்படாள். ஊருக்குள் சம்பந்தம் செய்தவளே கட்டுப்பட்டவள்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் ஆசிரியை இருந்தார். மகளின் கலியாணச் செலவுக்காகத் தன் சீதனக் காணியில் இரண்டு பரப்பை விற்க விரும்பினார். கணவர் மறுக்கவில்லை, 'பார்ப்போம்' என்றார். நொத்தாரிசிடம் போகும் நாளன்று றங்குப்பெட்டியில் இருந்த உறுதியைக் காணவில்லை. 'நீர்தான் எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோனீர்' என்று அவர் உறவினர் முன்னிலையிலும் சொல்லத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அந்த அம்மா தன் கணக்கைத் தானே நம்பாமல், சந்தைக்குப் போனால் மிச்சக் காசை மூன்று தடவை எண்ணுபவராகிவிட்டார். கணவரின் மறைவுக்குப் பின்னர் அவரது புத்தகங்களுக்கிடையே உறுதி கிடைத்தது. உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். கையொப்பத்துக்குப் பிரதி கிடையாது; அதுதான் அவர் கையில் இருந்த ஆயுதம். மகளின் கலியாணம் தாயின் நகைகளை விற்று நடந்தது. அசையும் சொத்தை விற்க எவருடைய சம்மதமும் தேவையில்லை.

சம்மதம் நியாயமின்றி மறுக்கப்பட்டால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்ற வழியும் அதே சட்டத்தில் உண்டு. ஆனால் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துகொண்டு கணவனுக்கு எதிராக வழக்குத் தொடுத்துவிட்டு, மாலையில் அவனுக்குத் தேநீர் வைத்துக் கொடுக்க எத்தனை பேரால் முடியும்? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உளரீதியான கொடுமையையும் வன்முறை என ஏற்றது. எனினும் அது கடுமையானதாகவும் தொடர்ச்சியானதாகவும் இருக்கவேண்டும். 'பார்ப்போம்' என்ற சொல்லை எந்த நீதவானிடம் சான்றாக வைப்பது? அதே 2005இல் இந்தியா இயற்றிய சட்டம் பொருளாதார ரீதியான கொடுமையைத் தனியே பெயரிட்டுக் குறிப்பிட்டது. இலங்கைச் சட்டத்தின் வரைவிலக்கணத்தில் அச்சொல் இடம்பெறவில்லை.

போர் இந்தக் கையொப்பத்துக்கு வேறொரு முகத்தைக் கொடுத்தது. கணவன் காணாமற்போன பெண்கள், பிள்ளைகளின் படிப்புக்காகத் தங்கள் சீதனக் காணியை விற்க முயன்றபோது, இல்லாத ஒருவரின் சம்மதத்தைத் தேடவேண்டியிருந்தது. மரணச் சான்றிதழ் பெறுவது, அவர் இறந்துவிட்டார் என்று தாமே ஒப்புக்கொள்வதாகும் எனப் பலர் அதனை மறுத்தனர். 2016இல்தான், காணப்படாமைச் சான்றிதழ் வழங்க இடமளிக்கும் திருத்தச் சட்டம் வந்தது. இருக்குமிடம் தெரியாத கணவனுக்குப் பதிலாகச் சம்மதம் தரும் அதிகாரமோ 1911 முதலே மாவட்ட நீதிமன்றத்துக்கு இருந்தது. அதற்கு அவள் மனுச் செய்து, 2009இன் பின்னர் எவரும் கண்டிராத ஒருவரை, தன் சொந்தக் காணிக்காக, எங்கெல்லாம் தேடினாள் என்று சத்தியக்கடதாசியில் எழுதிக் கொடுக்கவேண்டும்.