டிடெக்டர் ஏன் பொய் சொல்கிறது? கார்ஃபீல்டின் கட்டிலிலிருந்து காவலூர் வரை

இந்த வாரம் ஒரு நேயர் கேள்வியையே முழு எபிசோடாக எடுத்துக்கிட்டேன். ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து ஒருத்தர் கேட்டிருந்தார்: "ப்ரோ, மெட்டல் டிடெக்டர் ஒண்ணு வாங்கினேன். எங்க நிலத்துல எங்க வச்சாலும் கத்துது. தோண்டிப் பார்த்தா ஒண்ணும் இல்ல. இந்தப் பொய் சிக்னலை எப்படிக் குறைக்கிறது?"

முதலில் சட்டம். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றைக்கும் அமலில் இருக்கு. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்பில் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கணும். நடுகல், ஈமக்காடு பக்கம் தோண்டவே கூடாது. இதைச் சொல்லிட்டுத்தான் கேள்விக்குள் போகிறேன். ஏன்னா அந்தக் கேள்விக்குப் பின்னால் 140 வருஷத்துக்கும் மேலான கதை இருக்கு.

1881 ஜூலை 2. அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஒருவன் சுட்டான். ஒரு குண்டு உடம்புக்குள் தங்கிவிட்டது. எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 14 வருஷம் இருக்கு. டெலிபோன் புகழ் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் தன்னுடைய கருவியோடு வெள்ளை மாளிகைக்கு வந்தார். கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடும், பக்கத்தில் உலோகம் இருந்தால் காதில் வைத்த ரிசீவரில் சத்தம் கேட்கும். இன்றைய டிடெக்டரின் தாத்தா அதுதான். ஜூலை கடைசியில் ஒரு தடவை, ஆகஸ்ட் 1ஆம் தேதி இன்னொரு தடவை சோதித்தார். இரண்டாவது தடவை, தேடிய பரப்பு முழுக்கவே மெல்லிய சத்தம். குண்டு இருக்கும் இடத்தை மட்டும் சொல்லவே இல்லை.

பிறகு விசாரித்தால், ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்கு அடியில் இரும்புக் கம்பியால் பின்னிய இன்னொரு மெத்தை இருந்திருக்கு. இது பொய் சிக்னல், சரி. ஆனால் இதே அறையில் இன்னொரு தப்பும் நடந்தது. குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்பதில் தலைமை மருத்துவர் பிளிஸ் உறுதியாக இருந்தார். அதனால் தேடல் வலது பக்கத்திலேயே நடந்தது. செப்டம்பர் 19ஆம் தேதி கார்ஃபீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடது பக்கம் இருந்தது. ஆக, அந்த அறையில் ரெண்டு பிரச்சினை: கத்தக் கூடாத இடத்தில் கத்தியது ஒன்று, கத்த வேண்டிய இடத்தில் கருவியை வைக்காமலே விட்டது இன்னொன்று. முதலாவதைத்தான் எல்லாரும் பேசுவாங்க. இந்த எபிசோடு ரெண்டாவதைப் பற்றியும்தான்.

இப்போ நேயருடைய நிலத்துக்கு வருவோம். டிடெக்டரின் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். அங்கே செம்போ வெள்ளியோ இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதைத்தான் கருவி கேட்கிறது. ஆனால் மண்ணிலேயே மேக்னடைட் மாதிரி இரும்புத் தாதுத் துகள் இருந்தால், அதுவும் காந்தப்புலத்தை மாற்றும். திருவண்ணாமலை மாவட்டத்துக் கவுத்திமலை, வேடியப்பன் மலை பெயரைக் கேட்டிருப்பீங்க. மேக்னடைட் இரும்புத் தாதுவுக்காகச் சுரங்கம் வெட்டத் திட்டம் போட்டு, உள்ளூர் மக்கள் எதிர்த்த மலைகள் அவை. அப்படிப்பட்ட நிலத்தில் மண்ணே கத்தும்.

நல்ல விஷயம் என்னன்னா, உலோகத்தின் பதில் கொஞ்சம் தாமதமாக வரும், மேக்னடைட்டின் பதில் கிட்டத்தட்ட உடனே வரும். இந்த நேர வித்தியாசத்தை வைத்து மண்ணைக் கழிக்கும் வசதிக்குப் பெயர் 'கிரவுண்ட் பேலன்ஸ்'. உலோகம் இல்லாத ஒரு இடத்தில் சுருளை மேலும் கீழும் ஆட்டி, சத்தம் அடங்கும் வரை சரிசெய்யணும். 'பல்ஸ் இண்டக்‌ஷன்' வகைக் கருவி இன்னும் நேரடியானது. ஒரு துடிப்பை அனுப்பும், மண்ணின் பதில் பெரும்பாலும் அடங்கும்வரை சில மைக்ரோ நொடிகள் காத்திருக்கும், அப்புறம்தான் கேட்கும்.

அடுத்தது 'டிஸ்கிரிமினேஷன்'. ஆணி, சோடா மூடி மாதிரி குப்பையைக் கேட்காமல் விடச் சொல்லும் வசதி. வாங்கினவங்க முதலில் கை வைப்பது இதில்தான். சத்தம் குறையும், நிம்மதியாகவும் இருக்கும். ஆனால் மெல்லிய தங்கமும் அலுமினியத் தாளும் கருவிக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்கும். தாளை மறைத்தால் தங்கமும் மறையும். நம்ம சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது புரியும். ராத்திரி வரும் அலர்ட்டையெல்லாம் ம்யூட் செய்தால் தூக்கம் வரும், ஆனால் சர்வர் விழுவது நிற்காது.

எங்கே ம்யூட் செய்யவே முடியாது என்பதற்கு ஒரு இடம் சொல்றேன். இலங்கையின் வடக்கு. 2009 மே மாதம் போர் முடிந்தபோது முகமாலை மாதிரி இடங்களில் மண் முழுக்கக் கண்ணிவெடி. அவற்றில் பல, உலோகம் மிகக் குறைவாக உள்ள வெடிகள். அதே மண்ணில் பல வருஷப் போரின் செல் துண்டுகள், ரவைக் கோதுகள், முள்கம்பி. கண்ணிவெடி அகற்றுபவர், அவர்களில் நிறையப் பேர் அந்தப் பகுதித் தமிழ்ப் பெண்கள், டிஸ்கிரிமினேஷனை வைத்துக் குப்பையைத் தள்ளிவிட முடியாது. குப்பை மாதிரி கேட்கும் ஒரு சத்தம் யாரோ ஒரு பிள்ளையின் காலாக இருக்கலாம். அதனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் முழங்காலிட்டு, கவனமாக மண்ணை விலக்கிப் பார்க்கணும். பொய் சிக்னலின் விலை அவர்களுக்கு நேரம். பொய் மௌனத்தின் விலை உயிர். இதனால் குப்பை அதிகமான இடங்களில் டிடெக்டரையே ஓரமாக வைத்துவிட்டு, நீளக் கைப்பிடி ரேக்கால் மண்ணை அடுக்கு அடுக்காக வாரி எடுக்கும் முறை இலங்கையில் வளர்ந்தது. கருவியை ஊமையாக்குவதற்குப் பதிலாகக் கேள்வி கேட்கும் முறையையே மாற்றிட்டாங்க.

இப்போ ஜவ்வாது மலைக்கே திரும்பலாம். அங்கே, ஆலங்காயம் பக்கத்தில், காவலூர் வானாய்வகம் இருக்கு. 1972இல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கி வேலைக்கு வந்தது. அந்த வருஷம் ஜூன் 7ஆம் தேதி, வியாழனின் துணைக்கோளான கனிமீட் ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூரிலிருந்தும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலிருந்தும் பதிவு செய்தார்கள். விண்மீன் ஒளி மறைந்து வந்த விதத்தைப் பார்த்து, கனிமீட்டுக்கு வளிமண்டலம் இருக்கிறது என்று கட்டுரை வந்தது. 1979இல் வாயேஜர் 1 பக்கத்தில் போய் அளந்தது. அந்தக் கட்டுரை சொன்ன அளவுக்கு வளிமண்டலம் எதுவும் அங்கே இல்லை.

அதே தொலைநோக்கி, 1977 மார்ச் 10. இந்தத் தடவை யுரேனஸ் ஒரு விண்மீனுக்குப் பக்கமாகப் போகிற நாள். ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரில் கவனித்துக்கொண்டிருந்தார்கள். யுரேனஸ் வரும் முன்னாலேயே விண்மீனின் ஒளி சில நொடிகள் சட்டென்று இறங்கி மறுபடி ஏறியது. மேகம் கடந்தாலும் இப்படி இறங்கலாம், தொலைநோக்கி லேசாக விலகினாலும் இறங்கலாம். 1972 கதையை வைத்துப் பார்த்தால், 'பொய் சிக்னல்' என்று ஒதுக்குவது எவ்வளவு சுலபம்! அவர்கள் ஒதுக்கவில்லை. யுரேனஸின் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த கைப்பர் விமான ஆய்வகத்தில் ஜேம்ஸ் எலியட் குழுவும் இதே மாதிரி இறக்கங்களைப் பதிவு செய்திருந்தது. ஒன்று ரெண்டு இல்லை, யுரேனஸுக்கு இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கமும் அதே தூரங்களில். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் பதிவு இருந்தது. துணைக்கோள் என்றால் ரெண்டு பக்கமும் ஒரே தூரத்தில் வராது. எல்லாப் பதிவையும் சேர்த்துப் பார்த்தபோது அவை வளையங்கள் என்று தெரிந்தது. காவலூர் பார்த்ததும் அவற்றில் ஒன்றைத்தான். சிக்னல் நிஜம், அதற்கு முதலில் வைத்த பெயர்தான் வேறு.

1972ஐயும் 1977ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கருவியின் உணர்திறன் எதையும் தீர்மானிக்கவில்லை. வேறொரு இடத்திலிருந்து, வேறொரு கருவியால் பார்த்தபோது ஒன்று கரைந்தது, இன்னொன்று உறுதியானது.

நேயருக்கு இதையேதான் வரிசையாகச் சொல்றேன். கைபேசியை அணைச்சிடுங்க, மின்கம்பிக்கு அடியில் நிற்காதீங்க. கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்க, நிலம் மாறினால் மறுபடியும் செய்யுங்க. சுருளைத் தரையிலிருந்து ஒரே உயரத்தில் வீசுங்க; வீச்சின் கடைசியில் தூக்கினால் அதுவே ஒரு சத்தம் தரும். அப்புறமும் கத்தினால் மட்டும் உணர்திறனைக் கொஞ்சம் குறைங்க. டிஸ்கிரிமினேஷனைக் கடைசிக்கு வச்சிக்கோங்க. சத்தம் வந்த இடத்தில் 90 டிகிரி திரும்பி நின்று மறுபடி வீசுங்க. ரெண்டு திசையிலும் ஒரே புள்ளியில் ஒரே மாதிரி கேட்டால் தோண்டிப் பார்க்கலாம். ஒரு திசையில் மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஆணி, இல்லைன்னா மண். அப்படித் தோண்டும்போது பழைய பானை ஓடோ எலும்போ தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்திட்டு, வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ தகவல் கொடுங்க.

அடுத்த எபிசோடு, ரேடியோவில் ஒரு தவறான திசையைக் கேட்டு டிடெக்டர் தொழிலே தொடங்கிய கெர்ஹார்ட் ஃபிஷர் பற்றி. கேள்விகளை அனுப்பிக்கிட்டே இருங்க.