வானொலிக் காலத்து ஆவிகள்



எழுத்துக்கு ஏடு உண்டு. சிற்பத்துக்குக் கல் உண்டு. வானொலியில் எழும் ஒலிக்கோ காற்றையும் கேட்போர் நெஞ்சையும் அன்றி வேறு இருப்பிடம் இல்லை. காற்றில் அது கணத்திற் கரைந்துவிடும். நெஞ்சில், அதிலும் குழந்தையின் நெஞ்சில் விழுந்த ஒலியோ, யாருடையது, எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு எதுவுமின்றிப் பல்லாண்டு தங்கிவிடும். அத்தகைய ஒலிகளின் வரலாற்றைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

2009 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இசைத்தொகுப்பு வெளிவந்தது. பேர்மிங்ஹாம் நகரத்துக் குழு ஒன்றும், ஜூலியன் ஹவுஸ் என்னும் வரைகலைஞரும் கூடி அதனை ஆக்கினர். ட்ரிஷ் கீனன் என்ற பாடகியும் ஜேம்ஸ் கார்கில் என்பவரும் நடத்திய அக்குழுவின் பெயர் 'புறோட்காஸ்ற்', அதாவது ஒலிபரப்பு. ஹவுஸ் தமது இசைக்கு 'போக்கஸ் குறூப்' எனப் பெயரிட்டிருந்தார். வானொலி யுகத்தின் சூனியக்காரக் கூட்டங்களை இவ்விருவரும் ஆராய்கின்றனர் என்பது அத்தொகுப்பின் நீண்ட தலைப்பின் பொருள். அதில் 23 துண்டுகள் உள. ஒரு மெட்டுத் தொடங்கும்; செவி அதனைப் பற்றிக்கொள்ளுமுன் அறுந்துபோகும். மணியோசை, பின்னோக்கி ஓடும் நாடா, தூரத்திலிருந்து வருவது போன்ற பெண்குரல் ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மறையும். கேட்பவருக்கு அச்சமும் ஏக்கமும் ஒருங்கே எழும். ஆவிகள் நடமாடும் பழைய வீட்டில் யாரோ மறந்து விட்டுச்சென்ற வானொலிப்பெட்டி தானே பேசுவது போன்றது அது.

அப்பெட்டியிற் பேசுவோர் யாவர்? அதனை அறிய அரை நூற்றாண்டு பின்னே செல்லவேண்டும்.

1958 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இலண்டன் மெய்டா வேல் கலையகத்தில், பி.பி.சி. நிறுவனம் ஒலிப் பட்டறை ஒன்றைத் தொடங்கியது. அதற்கு அடிகோலியவர்கள் டஃப்னி ஓராம் அம்மையாரும் டெஸ்மண்ட் பிறிஸ்கோவும் ஆவர். நாடகங்களுக்கும் பாடசாலை நிகழ்ச்சிகளுக்கும் வேண்டிய, வாத்தியங்களால் எழுப்ப இயலாத ஒலிகளை ஆக்குவதே அதன் பணி. ஆங்கே ஆக்கப்பட்டவை 'விசேட ஒலி' எனப்பட்டனவேயன்றி இசை எனப் பெரும்பாலும் பெயர் பெறவில்லை. ஆக்கியோர் பெயரும் வெளிவருவது அரிது. பட்டறையின் பெயரே அறிவிக்கப்படும்.

அப்பட்டறைக்கு 1962 இல் வந்து சேர்ந்தவர் டெலியா டேர்பிஷயர். 1937 இல் கொவென்றி நகரிற் பிறந்தவர். 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் அந்நகரை எரித்தபொழுது அவருக்கு வயது மூன்று. வானூர்தித் தாக்குதலை அறிவிக்கும் அபாயச் சங்கின் ஏறி இறங்கும் ஓலத்தைத் தம் இசையுணர்வின் ஊற்றுக்களுள் ஒன்றாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் கற்று வெளிவந்தவரை, ஒலிப்பதிவுக் கூடத்திற் பெண்களுக்கு இடமில்லை என்று இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று திருப்பியனுப்பிற்று. கணிதமும் அந்தச் சங்கொலியும் ஒலிப் பட்டறையிற் கைகொடுத்தன.

1963 இல் 'டொக்டர் ஹூ' என்னும் தொலைக்காட்சித் தொடருக்கான மெட்டை றொன் கிறைனர் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். அதனை ஒலியாக்கியவர் டெலியா. அந்நாளில் இன்றுள்ளவை போன்ற மின்னிசைக் கருவிகள் அங்கு இல்லை. மீட்டப்பட்ட ஒற்றை நரம்பின் ஒலியையும், அலையியற்றிகளின் ஒலியையும் நாடாவிற் பதிந்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு சுரமாக ஆக்கினர். நாடா செக்கனுக்கு 15 அங்குலம் ஓடுமாயின், அரைச் செக்கன் சுரத்துக்கு ஏழரை அங்குலத் துண்டு வேண்டும். அவ்வாறு அளந்து, அலகினால் வெட்டி, ஒட்டி, பல நாடாக்களை ஒருசேர ஓடவிட்டனர். கேட்ட கிறைனர், இது நான் எழுதியதுதானா என வியந்து, வருவாயிற் பங்கு டெலியாவுக்கும் உரியதென விரும்பினார். நிறுவனத்தின் விதி இடந்தரவில்லை. அத்தொடரின் திரையில் அவருடைய பெயர் தோன்றியது 2013 இல்; அவர் மறைந்து 12 ஆண்டுகளின் பின்.

பெயர் மறைக்கப்பட்ட கலைஞர்கள் புறத்தே வழி தேடினர். டெலியாவும் அவருடைய சக ஊழியர் பிறயன் ஹொட்சனும், டேவிட் வோர்ஹவுஸ் என்னும் இளைஞருடன் கூடி, 'வைற் நொய்ஸ்' என்ற பெயரில் 1969 இல் ஓர் இசைத்தட்டை வெளியிட்டனர். மின்புயல் என்பது அதன் தலைப்பு. காதற்பாட்டும், மாண்டவன் ஆவியாய் மீளும் கதையும், இறுதியில் நரகப் புயலும் அதிலுண்டு. அதை வாங்கினோர் அன்று மிகச் சிலரே. டெலியா 1973 இல் நிறுவனத்தை விட்டு நீங்கினார். இசையுலகையும் விட்டு நெடுங்காலம் விலகியிருந்தார். 2001 இல் அவர் மறைந்தபின், அவருடைய வீட்டுப் பரணில் 267 ஒலிநாடாக்கள் இருந்தன. அவை இப்போது மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்தின் காப்பில் உள்ளன. பட்டறையோ 1998 இலேயே மூடப்பட்டுவிட்டது.

எனினும், நேயர்களே, ஒலி மூடப்படவில்லை. ட்ரிஷ் கீனன் 1968 இற் பிறந்தவர். அவருடைய தலைமுறைக் குழந்தைகள் பட்டறையின் ஒலிகளைப் பாடசாலை ஒலிபரப்பிலும் மாலை நேரத் தொலைக்காட்சியிலும் கேட்டு, யாருடையவை என்றறியாமலே வளர்ந்தனர். வளர்ந்தபின் தேடினர், 'மின்புயல்' தட்டைக் கண்டெடுத்தனர், அதனை ஆக்கியோரைத் தம் முன்னோராகக் கொண்டனர். 1940 இல் ஒரு குழந்தை கேட்ட சங்கொலி, 1963 இல் மெட்டாகி வேறு குழந்தைகளைச் சென்றடைந்து, 2009 இல் அவர்களுடைய கையில் மீண்டும் இசையாயிற்று. ஏடெழுதாத ஒரு வரலாற்றைச் செவிகள் எழுதி வைத்திருந்தன.

இதில் ஒரு விந்தையும் உண்டு. டெலியாவின் தலைமுறை அவ்வொலிகளை எதிர்காலத்தின் மொழியாகவே ஆக்கிற்று. பிந்தியவர்களுக்கோ அவையே இறந்தகாலத்தின் குரலாயின. வருமென்று நம்பிய ஒரு நாளை வராமற் போனதன் ஏக்கமே அத்தொகுப்பில் ஆவியாய் உலவுகின்றது எனலாம். ட்ரிஷ் கீனனும் 2011 ஜனவரியில், நுரையீரற் காய்ச்சலால், 42 ஆவது வயதில் மறைந்தார். முன்னோரின் ஆவிகளைத் தேடிச் சென்ற குரல் இன்று அவற்றோடு சேர்ந்தே ஒலிக்கின்றது.

பரணிற் கிடந்த நாடாக்களை எவரேனும் குப்பையென எறிந்திருப்பின், இக்கதையிற் பாதியை நாம் அறிந்திரோம். ஆகவே, ஒலியைக் காப்பதோடு, அதை ஆக்கியவரின் பெயரையும் உடன் எழுதி வைத்தல் கடமையாகும். காற்றுக்குப் பெயர் நினைவில் நில்லாது. அதனை நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள் நாமே.