கொல்லனுக்கும் ஒரு கடன்

கொடுமுடி வட்டாரத்துப் பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் அடிக்கடி கேட்கக் கிடைக்கும் சங்கப் பாட்டு, பொன்முடியார் பாடிய புறநானூறு 312. பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு, நல்வழிப்படுத்துவது வேந்தனுக்கு என்று ஒரு பிள்ளையின் பொறுப்பை ஒரு தாய் ஊரறியப் பங்கிட்டுச் சொல்கிறாள். பிள்ளை வீட்டுக்கு மட்டும் உரியவனல்லன் என்பதற்குப் பேச்சாளர் இதைச் சான்று காட்டுவார். ஐந்தாவது கடனைச் சொல்லாமலே பெரும்பாலும் மேடையிறங்கிவிடுவார். அது பிள்ளையின் கடன்: போர்க்களத்தில் யானையை வீழ்த்துவது.

கொல்லன் நமக்கு அயலானல்லன். கொடுமுடிக்கு அருகே காவிரியில் கலக்கும் நொய்யலின் கரைவழியே மேற்கே சென்றால் கொடுமணல். அங்கு 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வேல் எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டியதில்லை.

பாட்டின் பொருள் இரண்டு சொற்களில் தொங்குகிறது. புறநானூற்றின் பழைய உரை 266 பாடல்களோடு நின்றுவிட்டதால் இங்கு நமக்குத் துணையில்லை. 'சான்றோன்' என்ற சொல்லுக்குச் சங்க வழக்கில் வீரன் என்ற பொருளும் உண்டு. வேந்தன் தருவது 'நன்னடை' என்பது ஒரு பாடம். 'தண்ணடை', அதாவது வீரனுக்கு அளிக்கும் மருதநிலம், என்பது மற்றொன்று. வீரன், மருதநிலம் என்று கொண்டால் ஐவர் கடனும் போரையே நோக்கும். துறையும் மூதின்முல்லை, மறக்குடிப் பெண்ணின் வீரம் பேசுவது. எனக்கு இந்த வாசிப்பே பொருந்துகிறது. ஊர் பங்கெடுத்துக்கொண்ட பிள்ளைமீது ஊருக்கு உரிமையும் வந்துவிடுகிறது.

உரிமை கேளாத பங்கும் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறது. காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டத்தில், ஒரு பிள்ளையின் ஒருவேளைச் சோற்றுக்கு அரசு 6 பைசா, ஊரார் 4 பைசா என்பது கணக்கு. அந்த 4 பைசாவுக்கு ஈடாக அப்பிள்ளை எந்த யானையையும் வீழ்த்த வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் பொன்முடியாரின் தாயை அவசரப்பட்டுக் கல்நெஞ்சக்காரி ஆக்கிவிட வேண்டாம். களத்தில் சாவது மகனுடைய கடன் என்று அவள் எங்கும் சொல்லவில்லை. யானையை வீழ்த்திவிட்டுத் திரும்பி வருவதையும் சேர்த்தே அவன் கணக்கில் எழுதியிருக்கிறாள்.